காணி இருக்கிறது, கையில் காசில்லை: வீட்டுச் சொத்தை நாளாலும் கழிவாலும் அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

20 பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபா கட்டும் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகை 2 இலட்சம். மூன்றாம் மாதமே காசு தேவைப்பட்ட ஒருவர் 40,000 கழிவுக்குக் கேட்டு, 1,60,000 ரூபாவை வாங்கிக்கொண்டு போகிறார். அந்த 40,000 தலைக்கு 2,000 ஆகப் பிரிகிறது. கடைசி மாதம்வரை பொறுத்திருப்பவருக்குக் கழிவே இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையிலும் சீட்டுப் பிடிக்கும் ஒரு அக்கா இருப்பார். அவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். காசு இன்றைக்கே வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலைதான் கழிவு.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்கள் இதைத் திரவத்தன்மை என்று படித்திருப்பார்கள். ஒரு சொத்தை, பெறுமதி பெரிதாகக் குறையாமல், எவ்வளவு விரைவாகக் காசாக்கலாம் என்பதே அது. சேமிப்புக் கணக்கில் கிடப்பது திரவச் சொத்து, தோட்டக்காணி திரவமற்ற சொத்து என்று பாடப்புத்தகம் இரண்டாகப் பிரித்துவிடும். சோதனைக்கு அது போதும். வீட்டுக்குப் போதாது, ஏனென்றால் ஒரே வீட்டில் உள்ள இரண்டு காணித்துண்டுகளில் ஒன்று நான்கு மாதத்தில் விற்கும், மற்றது பத்து வருடமானாலும் விற்காது. ஆகவே இரண்டு பெட்டிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொத்தையும், அது காசாக எடுக்கும் நாளாலும் அதில் போகும் கழிவாலும் அளக்கப் பார்ப்போம்.

முதலாவது படி: கொப்பி போடுங்கள்

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும். ஐந்து நிரல் கீறுங்கள்: என்ன சொத்து, யாருடைய பேரில், காசாக எத்தனை நாள், எவ்வளவு கழிவு, யார் யாருடைய கையெழுத்து வேண்டும். கடைசி நிரலைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் அதுதான் மற்ற நான்கையும் தீர்மானிக்கிறது.

வீடு, வளவு, தோட்டம், வயல், நகை, வங்கிக் கணக்கு, நிலையான வைப்பு, சீட்டு, காப்புறுதி, ஊழியர் சேமலாப நிதி, மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர், ஆடு மாடு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆட்டைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. வளர்ந்த ஒரு கிடாய் விலைபேசி அன்றைக்கே காசாகும். பல ஆவணச் சொத்துகளைவிட அது வேகமானது.

எழுதக்கூடாத சிலவும் உண்டு. ‘கனடாவிலிருந்து அண்ணா அனுப்புவார்’ என்பது சொத்து அல்ல. அனுப்புவார்தான், ஆனால் அது அவருடைய கொப்பியில் உள்ள காசு. லீசிங்கில் ஓடும் ஓட்டோவையும் முழுப் பெறுமதிக்கு எழுத வேண்டாம். கடன் தீரும்வரை அதை உங்கள் விருப்பத்துக்கு விற்க முடியாது. இன்றைய விலையில் மிச்சக் கடனைக் கழித்துவிட்டு எழுதுங்கள். கைமாற்றாகக் கொடுத்த காசுக்கு ‘எத்தனை நாள்’ நிரலில் என்ன எழுதுவது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் முன்னோரும் சொத்தை வகை பிரித்தவர்கள்தான். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்துக்கு வந்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், சொத்தை முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்க்கையில் தேடியது) என்று பிரித்தது. அது சொத்து வந்த வழியைப் பார்த்த பிரிப்பு. நாம் இங்கே பார்ப்பது, அவசரத்தில் அது வெளியே போகக்கூடிய வழியை.

இரண்டாவது படி: வங்கியில் உள்ளதை முதலில் பிரியுங்கள்

சேமிப்புக் கணக்கு எளிது: இன்றைக்கே எடுக்கலாம், கழிவு இல்லை. ஆனால் பிள்ளையின் பேரில் போட்ட சிறுவர் கணக்கை அப்படி நினைக்க வேண்டாம். பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை அதில் கை வைக்க முடியாது.

நிலையான வைப்பில்தான் பலர் தேவையில்லாமல் நட்டப்படுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 10 இலட்சத்தை 8 வீத வட்டிக்கு ஒரு வருடம் போட்டிருக்கிறீர்கள். ஏழாம் மாத முடிவில் 3 இலட்சம் தேவைப்படுகிறது. வைப்பை உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது. சேமிப்பு வட்டியான 3 வீதத்தைத் தந்தார்கள் என்று வைத்தால் ஏழு மாதத்துக்கு 17,500 ரூபா. மிச்ச 7 இலட்சத்தை மீண்டும் ஐந்து மாதத்துக்கு 7 வீதத்தில் போட்டால் இன்னுமொரு 20,400 அளவில் வரும். மொத்தம் ஏறக்குறைய 38,000.

உடைக்காமல், அதே வைப்பின்மேல் 3 இலட்சம் கடன் எடுத்தால்? கடன் வட்டி 10.5 வீதம் என்றால் ஐந்து மாதத்துக்கு 13,125 ரூபா. வைப்பு முழுதாக ஓடி 80,000 தரும். கையில் நிற்பது ஏறக்குறைய 67,000. வீதங்கள் வங்கிக்கு வங்கி மாறும், கணக்கின் போக்கு மாறாது. ஆகவே உடைப்பதற்கு முன் ‘இதன்மேல் கடன் தருவீர்களா, என்ன வட்டி?’ என்று கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் வலியச் சொல்லமாட்டார்கள்.

அதைவிட நல்லது, 10 இலட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல் இரண்டரை இலட்சமாக நான்காக்கி, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வைப்பது. அப்படியானால் எந்த அவசரத்திலும் அடுத்த முதிர்வு மூன்று மாதத்துக்குள் இருக்கும்.

வைப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம், உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ வீழ்ந்தால், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவரைக்கும்தான் ஈடு செய்யும். வட்டி இரண்டு வீதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று 40 இலட்சத்தை ஒரே நிதிக் கம்பனியில் குவிப்பவர், 29 இலட்சத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் நித்திரை கொள்கிறார்.

திறைசேரி உண்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்து, வெளிநாட்டுக் காசு வரும் எங்கள் உண்டியலோடு குழப்ப வேண்டாம். இது அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் கடன். மத்திய வங்கி வாராவாரம் ஏலம் விடுகிறது. முதிர்வுக்கு முன்னும் விற்கலாம், ஆனால் அந்த நேரத்தில் வட்டி வீதம் ஏறியிருந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். நாளைக் கணக்குப் பண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல இடம்.

ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், வேலை தருபவரின் 12 வீதமும் சேர்கின்றன. தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அதை எடுக்கப் பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாக வேண்டும். வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு 30 வீதத்தை முன்கூட்டி எடுக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கு 10 வருடப் பங்களிப்பும் நிலுவையில் குறைந்தது 3 இலட்சமும் வேண்டும். விண்ணப்பம், கடிதம், காத்திருப்பு என்று போவதால் அவசரத்துக்கு இதை நம்பவேண்டாம். ஆயுட் காப்புறுதியும் அப்படித்தான்: முதல் சில வருடங்களில் சரணளித்தால், அதாவது இடையில் முறித்துக் காசைக் கேட்டால், கட்டியதில் பெரும்பகுதி போய்விடும்.

மூன்றாவது படி: நகையை உண்மையான விலைக்கு எழுதுங்கள்

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் கைதடிப் பக்கம் நடந்தபோது, சனம் இரண்டு பொருட்களை மறக்கவில்லை: காணி உறுதி, நகை. கொடிகாமத்திலும் கிளிநொச்சியிலும் நகை அரிசியாகவும் கொட்டில் போடக் கிடுகாகவும் மாறியது. உறுதி உறுதியாகவே இருந்தது. அந்த இரவைக் கண்ட அம்மாமாரிடம் ‘தங்கத்துக்கு வட்டி இல்லையே’ என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருமென்று.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பதும் அடைவு வைப்பதும் வேறு வேறு கணக்கு. கஸ்தூரியார் வீதியில் வாங்கும்போது பவுன் விலையோடு செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுக்கிறோம். விற்கப் போனால் நிறைக்கும் கரட்டுக்கும் மட்டும்தான் விலை; கல்லின் நிறையைக் கழிப்பார்கள். கல்பதித்த அட்டியலில் கழிவு அதிகம், வெறும் சங்கிலியில் குறைவு, தங்கக் காசில் மிகக் குறைவு. ஆகவே ‘20 பவுன் இருக்கிறது’ என்று ஒரே வரியில் எழுதாமல், எது என்ன நகை என்று பிரித்து எழுதுங்கள்.

அடைவு வைத்தால் காலையில் போய் மத்தியானத்துக்குள் காசோடு வரலாம். நகையும் எங்களுடையதாகவே இருக்கும். ஆபத்து அதன் சுகத்தில் இருக்கிறது. 5 இலட்சத்தை 14 வீதத்துக்கு எடுத்தால் வருடத்துக்கு 70,000 ரூபா வட்டி. வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தால் மூன்று வருடத்தில் 2,10,000 போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இது நடக்கிறது. 2013இல் உலகச் சந்தையில் தங்கம் விழுந்தபோது, மீட்பதற்குக் கட்டவேண்டிய காசு நகையின் பெறுமதியைவிடக் கூடிப்போய்ப் பலர் நகையை விட்டுவிட்டார்கள். இலங்கை வங்கிகளுக்கும் அது பெரிய அடி. அடைவு மூன்று, நான்கு மாதத்தில் மீட்கத் தெரிந்த தேவைக்கு மட்டும் என்பது என் அபிப்பிராயம்.

தாலிக்கொடியைத் தனி வரியில் எழுதுங்கள். வீட்டில் நிறை கூடிய நகை அதுவாகத்தான் இருக்கும். மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதை அடைவு வைத்த பெண்களை எல்லோருக்கும் தெரியும், ஆனால் விற்கமாட்டார்கள். விற்கமாட்டாத ஒன்றைக் கூட்டுத்தொகையில் சேர்த்தால் கொப்பி பொய் சொல்லும்.

நான்காவது படி: காணியோடு நிதானமாக இருங்கள்

எங்கள் மாமாவுக்கு உரும்பிராயில் 14 பரப்புச் செம்மண் தோட்டம். ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு, ஆகவே கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். எங்கள் சொந்தத்தில் அவர்தான் வசதியானவர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம், அவர் உட்பட. கொழும்பில் இருதய சத்திரசிகிச்சைக்கு 9 இலட்சம் கட்டவேண்டி வந்தபோது, அந்த 14 பரப்பிலிருந்து ஒரு சதம் வரவில்லை. மாமியின் நகை அன்றைக்குக் காலையே அடைவுக்குப் போனது. மச்சாள் சீட்டைக் கழிவுக்கு எடுத்தார். மிச்சத்தைச் சொந்தக்காரர் தந்தோம்.

காணி ஏன் அசையவில்லை? உறுதி இன்னும் அவருடைய பாட்டனார் பேரில். தகப்பன் காலத்தில் பங்கு பிரிக்கவில்லை. ஒரு சகோதரர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், காலமான அக்காவின் பிள்ளைகள் லண்டனில். 14 பரப்பையும் அவர்தான் செய்கிறார், ஆனால் சட்டப்படி அவருடையது பிரிபடாத ஒரு பங்கு. அவர் கொப்பி போட்டிருந்தால் ‘எத்தனை நாள்’ என்ற நிரலில் ‘தெரியாது’ என்றுதான் எழுதியிருப்பார்.

காணியின் நாளைக் கணக்கிட இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உறுதி யார் பேரில், எந்த வகை: அறுதியா (விற்பனை), நன்கொடையா, சீதனமா? சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) யாருக்காவது வைத்திருக்கிறார்களா? உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதற்கு உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் வேண்டும், ஆகவே அவற்றைக் கொப்பியிலேயே குறித்து வையுங்கள். பதிவகத்தில் வில்லங்கம், அதாவது காணிமேல் கடனோ வழக்கோ பதிவாகியிருக்கிறதா என்று, தேடியும் பாருங்கள். எப்போதோ தீர்த்த ஈடு (அடமானம்) இன்னும் பதிவில் நிற்பது புதிய விஷயமல்ல.

யாருக்கு முதலில் சொல்லவேண்டும்? தேசவழமை பொருந்தும் காணியில் கூட்டுரிமையாளருக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் பின்னால் வழக்கு வரலாம். விஷயம் தெரிந்த வாங்குபவர் அதற்குப் பயந்து விலையைக் குறைப்பார் அல்லது விலகிப்போவார். அதேபோல, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பேரில் உள்ள காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனக் காணிக்கும் இதுதான். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இது நியாயமா என்ற விவாதம் பழையது. உங்கள் கணக்கில் அது சில மாதங்கள்.

பாதையும் தண்ணீரும் எப்படி? ‘வழி வாய்க்கால் கிணற்றுப் பங்கு’ என்று உறுதியில் ஒரு வரி இருக்கும். அந்த வரி தெளிவாக இல்லாத தோட்டக்காணியை யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள். ஆறில் ஒரு பங்குக் கிணறு என்றால் மற்ற ஐந்து பேரும் யார்?

யார் இருக்கிறார்கள்? வெளிநாட்டில் இருப்பவரின் வளவில் இன்னொருவர் பத்து வருடத்துக்கு மேலாகத் தன் சொந்தம்போல இருந்தால், அவர் ஆட்சி உரிமை கோரலாம். ‘பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டிருந்தால் அதை எழுத்தில் வையுங்கள். கையில் உறுதி இருப்பது காணியில் கால் வைக்க முடியும் என்று ஆகாது என்பதை வலிகாமம் வடக்குச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990இல் போரால் வெளியேறிய மயிலிட்டிக்காரருக்கு, படையினர் வசமிருந்த துறைமுகப் பகுதி திரும்பியது 2017இல்.

எல்லாம் சுத்தமாக இருந்தால், ஆள் தேடி, விலைபேசி, நில அளவை செய்து, உறுதி முடிக்க நான்கு முதல் எட்டு மாதம் என்று நான் எழுதுவேன். பங்கு பிரியாத காணிக்கு எல்லோரும் ஒத்துவந்தால் ஒன்றிரண்டு வருடம். ஒருவர் மறுத்தால் பிரிவினை வழக்கு; அதற்கு நாள் எழுத வேண்டாம். கழிவு நிரலில் தரகு, நில அளவை, வரி எல்லாம் சேருங்கள். பெரிய கழிவு இவை அல்ல, அவசரம். ‘அவருக்கு உடனே காசு வேணுமாம்’ என்ற செய்தி ஒழுங்கை முனையைத் தாண்டிய அன்றைக்கே விலை விழத் தொடங்கிவிடும்.

ஐந்தாவது படி: எவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்?

மாதச் செலவை எழுதுங்கள். 1,20,000 என்று வைப்போம். ஒரு மாதச் செலவு இன்றைக்கே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். இன்னும் மூன்று மாதச் செலவு, அதாவது 3,60,000, ஒரு கிழமைக்குள் எடுக்கக்கூடிய வைப்பில். ஓய்வூதியமோ அரச சம்பளமோ ஒழுங்காக வரும் வீட்டுக்கு இது போதும். வெங்காயம், புகையிலை, கடல் என்று வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கு ஆறு, ஏழு மாதம் என்று கூட்டுங்கள். வயதான அப்பா அம்மா இருந்தால் மருத்துவத்துக்கென்று ஒரு தொகையைப் பிறம்பாக வையுங்கள்.

அப்போ எல்லாவற்றையும் காசாக வைத்திருந்தால் என்ன? 2022 அதற்குப் பதில். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்தைய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கியது ஏறக்குறைய 170 ரூபா. சேமிப்புக் கணக்கில் கிடந்த காசு ஒரு நாளும் குறையவில்லை, ஆனால் அது வாங்கும் அரிசி குறைந்தது. நாள் சுருங்கிய சொத்துக்கும் இப்படி மறைமுகமாக ஒரு கழிவு உண்டு. அதனால் மேலே சொன்ன அளவுக்கு மேல் காசைத் தேக்க வேண்டாம். மிச்சம் காணியாகவோ தங்கமாகவோ இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆறாவது படி: விற்காமல் நாளைக் குறையுங்கள்

கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிலர் உடனே காணியை விற்கப் புறப்படுவார்கள். தேவையில்லை. காணியை விற்காமலே அதன் நாளைக் குறைக்கலாம், அதற்கு அவசரம் இல்லாத காலம்தான் சரி.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊரில் நிற்கும் காலம். தேர், தீர்த்தம் பார்க்க வந்தவர்களை ஒரு காலை வேளையில் கூட்டி உட்கார வைத்துப் பங்கைப் பேசுங்கள். சோறு கறி வைத்தபின் பேசவேண்டாம், அதற்கு முன்னரே பேசுங்கள். அவர்கள் வருவதற்கு முன் நில அளவைப் படத்தை எடுத்து வைத்தால், எந்தத் துண்டு யாருக்கு என்று படத்தில் கை வைத்துக் காட்டலாம். நொத்தாரிசிடம் முன்கூட்டியே நாள் கேளுங்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கும் திருவிழாதான். வர முடியாதவர் அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் எழுத்து அதிகாரம், அனுப்பலாம். எந்தக் காணி, என்ன அதிகாரம் என்று அதில் தெளிவாக இருக்கவேண்டும். பங்கு பிரித்தபின் கிணற்றுப் பங்கையும் பாதையையும் ஒவ்வோர் உறுதியிலும் எழுதச் சொல்லுங்கள்.

இதோடு வங்கிக் கணக்குகளுக்கு நியமனதாரியைப் பதிவுசெய்யுங்கள். கணக்கு வைத்திருந்தவர் காலமானால், நியமனம் இல்லாத காசு வங்கியில் இருந்தும் மாதக்கணக்கில் எடுக்க முடியாத காசாகிவிடும்.

மாமா சுகமாகி வந்த அடுத்த வருடம் ரொறன்ரோ அண்ணர் திருவிழாவுக்கு வந்தார். லண்டன் பிள்ளைகள் தத்துவம் அனுப்பினார்கள், பாரிஸ்காரர் இரண்டு தடவை கோபித்துவிட்டு ஒத்துவந்தார். மாமாவுக்கு வந்தது நாலரைப் பரப்பும் கிணற்றில் நாலில் ஒரு பங்கும். 14 பரப்புக்காரர் நாலரைப் பரப்புக்காரர் ஆனதில் மாமிக்கு இன்னும் மனத்தாங்கல். மாமா அதை விற்கவில்லை, இந்த முறையும் வெங்காயம்தான் நட்டிருக்கிறார். ஆனால் கொப்பியில் ‘தெரியாது’ என்று இருந்த இடத்தில், பேனையால் வெட்டிவிட்டு, ‘5 மாதம்’ என்று எழுதியிருக்கிறார்.